வெர்னாவின் மணிக்கட்டு

அஸ்டோரியா படகுத்துறையில் கடற்சிங்கங்கள் ராப்பகலாகக் கத்தித் தீர்க்கும்போதும் குறட்டை விட்டுத் தூங்குகிற ஒரே மனுஷர் ரெய்னோ சல்மிதான். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். கொலம்பியா ஆற்றில் ஓடுகிற இழுவைப் படகின் எஞ்சின் அறையில் சீஃப் எஞ்சினியராக வாழ்நாளைக் கழித்தவர். அந்த எஞ்சின் அவருக்குச் சோறு போட்டது, வீடு கட்டிக் கொடுத்தது, ஓய்வு பெறுகிற சமயத்தில் இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு விட்டது.

காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினார்கள். அது பேச்சை விட்டுவிட்டுத் தட்டு கழுவுகிற சத்தத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தது. சைகை மொழி வகுப்புக்கு ஒரு நாள் போனார். "என் விரல் ஸ்பானர் பிடிக்கத்தான் மடங்கும்" என்று சொல்லிவிட்டு இடைவேளையிலேயே திரும்பி வந்துவிட்டார். பேச்சை எழுத்தாக்கித் தருகிற வசதிதான் போனிலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆற்றுக்காரர்கள் பாதியை மென்று மீதியை விழுங்குகிற பேச்சை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும், பாவம்! கடைசியில் அவருக்குக் காதாக வாய்த்தது மனைவி வெர்னாவின் பத்து விரல்கள்தான்.

வெர்னா ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஒலிப்பதிவு செய்து வைப்பதைக் கேட்டுத் தட்டச்சு செய்தே தலை நரைத்தவள். வாய் நிறைய சாண்ட்விச்சோடு பேசுகிற டாக்டரின் பேச்சையே பிழையில்லாமல் அடித்தவளுக்கு வீட்டுப் பேச்சு எம்மாத்திரம்? சமையலறை மேசையில் கீபோர்டு அவள் பக்கம் இருக்கும், திரை ரெய்னோ பக்கம் திரும்பியிருக்கும். யார் வந்து என்ன பேசினாலும் பேசி முடிப்பதற்குள் அது அவர் கண்ணெதிரே எழுத்தாக நிற்கும். சும்மா நிற்காது. கூடவே வெர்னாவின் விமரிசனமும் நிற்கும்.

அதே படகில் ரெய்னோவோடு வேலை பார்த்த கர்ட்டிஸ் வந்தால் இப்படி அடிப்பாள்: "உடம்பு நல்லாத்தான் இருக்கு சீஃப்னு சொல்றான். சுத்தப் பொய். நாலு படி ஏறினதுக்கே மூச்சு வாங்குது. அந்த ஏலக்காய் ரொட்டியை அவன் பக்கம் தள்ளிடாதே." ரெய்னோ படித்துவிட்டு ரொட்டித் தட்டைத் தன் பக்கம் மெல்ல இழுத்துக்கொள்வார். கர்ட்டிஸுக்கு ஒன்றும் புரியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் வெர்னாவின் கை மக்கர் பண்ண ஆரம்பித்தது.

முதலில் கட்டைவிரல் மரத்துப்போனது. பிறகு பக்கத்து இரண்டு விரல்களும் சேர்ந்துகொண்டன. தூக்கத்தில் எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேனா பிடித்து எழுதலாமென்றால் அது இன்னும் மோசம், இரண்டு வரிக்குள் விரல் விட்டுப்போகும். ரெய்னோவிடம் அவள் சொல்லவில்லை. எதைக் கொண்டு சொல்வது? அதையும் அந்தக் கையால்தானே அடித்துச் சொல்ல வேண்டும்! ஒரு நாள் காலையில் காபிக் கோப்பை தானாக நழுவித் தரையில் விழுந்து நொறுங்கியது. ரெய்னோவுக்குச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் காலில் சூடாகத் தெறித்தது. அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு ஜோலீனிடம் கூட்டிப் போனார்.

ஜோலீன் கைக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிற சிகிச்சைக்காரி. மகள் வயதுதான் இருக்கும், ஆனால் தயவு தாட்சண்யமே கிடையாது. வெர்னாவை ஒரு மேசையில் உட்காரவைத்து வழக்கம்போல் அடிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா இப்படியேவா அடிச்சீங்க? மணிக்கட்டைக் கொண்டுபோய் மேசை விளிம்புல அழுத்தி வச்சிருக்கீங்க. கை மேல பாத்து வளைஞ்சு நிக்குது. சுண்டுவிரல் எட்டாத இடத்துக்கெல்லாம் இழுபடுது. நரம்பு என்னத்துக்குத்தான் ஆகும்?"

"எல்லாரும் இப்படித்தானேம்மா அடிக்கறாங்க?"

"அதனாலதான் எனக்குப் பொழப்பு ஓடுது" என்றாள் ஜோலீன். "இப்படியே போனா நேரா ஆபரேஷன்தான். ஒண்ணு அடிக்கறதை விடணும், இல்ல அடிக்கற விதத்தை மாத்தணும்."

"அடிக்கறதை விட முடியாது" என்றாள் வெர்னா. சொல்லும்போது அவள் கண் ரெய்னோவிடம் போனது. அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுக் கையின் படத்தை எஞ்சின் வரைபடம் பார்ப்பதுபோல் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோலீனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கீபோர்டுக்குப் பின்னால் இருந்த குட்டிக் கால்கள் இரண்டையும் முதலில் மடக்கினாள். முழங்கை உடம்போடு ஒட்டித் தொங்க வேண்டும், கையும் மணிக்கட்டும் ஒரே நேர்க்கோட்டில் மிதக்க வேண்டும், மேசையில் சாய்வதெல்லாம் அடித்து முடித்து ஓய்வெடுக்கும்போதுதான். ஒரு முட்டையைப் பொத்திப் பிடிப்பதுபோல் விரல் வளைந்திருக்க வேண்டும். விசையைக் குத்தக் கூடாது, தொட்டால் போதும். எட்டாத எழுத்துக்கு விரலை இழுக்காமல் கையையே நகர்த்த வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, இவ்வளவும் பாதி வைத்தியம்தான் என்றாள். மீதிப் பாதி எழுத்துகளையே இடம் மாற்றுவது.

துவோராக் என்று ஒரு எழுத்து வரிசை இருக்கிறது. ஜோலீனே அதில்தான் அடிக்கிறாள். புதிதாகக் கீபோர்டு வாங்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டருக்குள் ஒரு அமைப்பை மாற்றினால் போதும். அதற்குப் பிறகு விசைகளின் மேல் அச்சடித்திருப்பது ஒன்று, அடித்தால் வருவது வேறொன்று. விரல்கள் சும்மா இருக்கும்போது தங்குகிற நடுவரிசையில், இடது கைக்கு அடியில் ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் வந்துவிடும். வலது கைக்கு அடியில் ஓயாமல் புழங்குகிற மெய்யெழுத்துகள். விரல் மாடிப்படி ஏறி இறங்குகிற வேலை பாதிக்குமேல் மிச்சம்.

எழுத்து வரிசைப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, நண்டு பொம்மைக் காந்தத்தால் பிரிட்ஜில் ஒட்டினாள் வெர்னா. சுட்டுவிரல்கள் தங்குமிடத்தில் உள்ள சின்ன முண்டுகளைக் கண்ணை மூடித் தடவிக் கண்டுபிடித்தாள். முதலில் என்ன அடித்துப் பார்ப்பது? கை தானாக ரெய்னோ என்ற பெயருக்குப் போனது, ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பழைய வரிசையில் அந்தப் பெயரின் ஒரு எழுத்துகூட விரல் தங்குகிற இடத்தில் இல்லை. வாழ்நாளெல்லாம் புருஷன் பெயரை அடிக்க மேலேயும் கீழேயும் ஓடியிருக்கிறாள். புதிய வரிசையில் முதல் எழுத்துக்கு மட்டும் விரலை ஒரு படி உயர்த்தினால் போதும், மற்ற நான்கும் விரலடியிலேயே இருந்தன. அவளுக்கு அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் மறுநாளே போய்விட்டது.

புது வரிசை வரவில்லை, பழையதும் கலைந்துபோனது. புதிதாகக் கற்கிறவர்கள் எல்லாரும் மாட்டுகிற பொறிதான் இது. மின்னல் மாதிரி அடித்தவள் ஒவ்வொரு எழுத்துக்கும் முட்டி மோதினாள். 'மழை வருது, துணியை எடு' என்று முடிப்பதற்குள் துணி நனைந்துவிட்டது. கர்ட்டிஸ் வந்து ஊர்க்கதையெல்லாம் அளந்துவிட்டுப் போனான், திரையில் 'மகளுக்கு வேலை' என்று மட்டும் இருந்தது. கிடைத்ததா போனதா என்று ரெய்னோ கேட்கவில்லை. அவர் சும்மா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் வெர்னாவால் தாங்க முடியவில்லை. ஊரில் மற்றவர்கள் பேசும்போது, புரியாமலே புரிந்த மாதிரி அவர் ஆட்டுகிற தலையாட்டல் அது. அதை இதுவரை அவளிடம் ஆட்டியதே இல்லை.

ஒரு மத்தியானம் பொறுமை விட்டுப்போய்ப் பழைய வரிசைக்கே மாற்றிவிட்டாள். மனதில் அடைத்துக் கிடந்ததையெல்லாம் தடதடவென்று அடித்துத் தள்ளினாள். கர்ட்டிஸ் மகளின் கதை, கடையில் நண்டு விலை, அவர் சட்டையில் கறை, எல்லாம். ரெய்னோ சிரித்துப் படித்துக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்தினார். அவள் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"போதும், நிறுத்து."

"இன்னும் முடிக்கலை" என்று அடித்தாள்.

"நிறுத்துன்னா நிறுத்து, கிழவி!" காது கேட்காதவர் குரலுக்கு அளவேது? கண்ணாடி ஜன்னலே அதிர்ந்தது. அவர் மேசையைச் சுற்றி வந்து, தடவித் தேடி, புது வரிசையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். "குளிர்ந்து கிடக்கற எஞ்சினை எடுத்த எடுப்புல முடுக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? மெதுவா வா. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, போதும். நான் எங்கே போயிடப் போறேன்?"

வெர்னா அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்: "கத்தாதே."

அன்றிலிருந்து அவர் தனக்கென்று ஒரு வேலை வைத்துக்கொண்டார். அவள் பயிற்சி செய்யும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கட்டு மேசையில் படிய ஆரம்பித்தால் தன் இரண்டு விரலை அடியில் கொடுத்து மெல்லத் தூக்கிவிடுவார். "மணிக்கட்டு" என்பார். எஞ்சின் அறையில் எண்ணெய் அளவைப் பார்த்துச் சொல்கிற அதே குரல்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று அடிப்பாள்.

"இல்லை. சம்பளமும் இல்லை. காபி போடு."

குளிர்காலம் போய் மழை கொஞ்சம் விட்டபோது விரல்களுக்கு வழி தெரிய ஆரம்பித்திருந்தது. வேகம் வரவில்லை, ஆனால் வலி இல்லை. கட்டைவிரலில் உணர்ச்சி திரும்பியது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில், சூப்பில் உப்பு இல்லை என்று அடிக்க ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் உப்புக் குப்பி அவள் முன்னால் வந்து நின்றது. அவருடைய கண்ணாடியோ நெற்றிமேல் ஏறிக் கிடந்தது. கண்ணாடி இல்லாமல் அந்தத் திரையில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. சூப்பை அவரும் குடித்துப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு வெர்னா அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அந்த வசந்தத்தில்தான் கேப்டன் ஆல்டன் ஹாய்ட் காலமானார். ரெய்னோவின் படகை அத்தனை காலமும் மேலே நின்று ஓட்டியவர். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியது ரொம்பக் குறைவு, ஆனால் ஒருவரை ஒருவர் நம்பித்தான் ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டினார்கள். நினைவுக் கூட்டத்துக்குத் தகவல் வந்ததும் ரெய்னோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் வரலை. எல்லாரும் அவரைப் பத்திப் பேசுவாங்க. நான் பொம்மை மாதிரி தலையாட்டிட்டு உட்காந்திருக்கணும். அவருக்குப் போய் அப்படிச் செய்ய மாட்டேன்."

வெர்னா கீபோர்டை இழுத்தாள். மணிக்கட்டை நேராக வைத்துக்கொண்டு, நிதானமாக அடித்தாள்: "தலையாட்ட வேண்டாம். ஒரு வார்த்தை விடாம நான் உனக்குச் சொல்றேன். சத்தியம்."

அவர் அதை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கோட்டுக்குப் பிரஷ் போட ஆரம்பித்தார்.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவன் கர்ட்டிஸ். "நீங்க ஒண்ணும் தூக்கிட்டு வரவேண்டாம் வெர்னா. ஹால்லயே கம்ப்யூட்டர், கீபோர்டு, சுவர் அகலத்துக்குத் திரை, எல்லாம் இருக்கு. சீஃபுக்குப் பெருசா தெரியும்" என்றான். நல்லதாயிற்று என்று இவளும் வெறுங்கையோடு கிளம்பிவிட்டாள். பாருங்கள், புது வரிசை விரலுக்குள் இறங்கிவிட்டவர்கள் செய்கிற தப்பு இதுதான். தன் கீபோர்டு மாறினதோடு உலகத்தில் இருக்கிற அத்தனை கீபோர்டும் மாறிவிட்டதாக நினைப்பு!

ஹால் நிரம்பியிருந்தது. ஆற்றுக்காரர்கள் எல்லாரும் இறுக்கமான கோட்டுக்குள் திணறிக்கொண்டிருந்தார்கள். வெர்னா முன்வரிசை மேசையில் உட்கார்ந்தாள், ரெய்னோ பக்கத்தில் சுவர்த்திரையைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்து இவளுக்கு நெஞ்சு நிறைந்தது. விரல்களை முண்டுகளின் மேல் வைத்தாள். முதலில் அவர் பெயரை அடித்தாள்.

சுவரில் ஓ, டி, ஜி, எல், எஸ் என்று ஐந்து எழுத்துகள் அர்த்தமில்லாமல் பெரிதாக நின்றன.

வெர்னா சட்டென்று திரும்பிக் கூப்பிட்டாள். "கர்ட்டிஸ்! இதுல எழுத்து வரிசையை மாத்தணும், எங்கேடா இருக்கு?"

"அதுக்கு மேனேஜர் பாஸ்வேர்டு கேக்குமே. அந்த ஆள் ஊர்ல இல்லையே!" கர்ட்டிஸ் கையைப் பிசைந்தான்.

சரி, விசைமேல் அச்சடித்திருப்பதைப் பார்த்தே அடிக்கலாம் என்று குனிந்தாள். பார்த்தால் விரல் நம்பவில்லை, பார்க்காவிட்டால் விரல் புது இடத்துக்குப் போனது. அதற்குள் படகுக் கம்பெனிக்காரர் பேசி முடித்துவிட்டார். அடுத்தவரும் பேசி முடித்தார். ஹாலே ஏதோ ஒரு வேடிக்கைக்குக் கொல்லென்று சிரித்தது. சுவரில் குப்பையாக எழுத்துகள் வழிந்தன. ரெய்னோ திரும்பிப் பார்த்தார், எல்லாரும் சிரிப்பதைக் கண்டு தானும் தலையாட்டினார்.

சத்தியம் பண்ணிக் கூட்டிவந்தேனே, பாவி, என்று வெர்னா உள்ளுக்குள் உடைந்துபோனாள். மேடையில் கேப்டனின் மனைவி மாவிஸ் எழுந்து நின்றாள்.

அப்போது ரெய்னோ நாற்காலியைப் பரபரவென்று இழுத்தார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம், வீட்டில் உட்காருகிற மாதிரியே, வெர்னாவின் கைக்கு நேராக வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"கர்ட்டிஸ், அந்தத் திரையை அணைச்சுடு." அவருக்கு அது ரகசியக் குரல், கடைசி வரிசை வரை கேட்டது. பிறகு வெர்னாவிடம், "நீ பாட்டுக்கு அடி. எனக்கு உன் விரல் தெரியும்."

அவளுக்குப் புரியவில்லை. பிறகு உப்புக் குப்பி ஞாபகம் வந்தது. நெற்றிமேல் ஏறிக் கிடந்த கண்ணாடி ஞாபகம் வந்தது. பிரிட்ஜில் தொங்கிய படம், எதிரே உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டேயிருந்த அந்தக் குளிர்காலம், எல்லாம் ஒன்றாக வந்தன. அடப்பாவி மனுஷா! எந்த விரல் எங்கே விழுந்தால் எந்த எழுத்து என்பது இவளோடு சேர்ந்து அவருக்கும் மனப்பாடமாகியிருந்தது. இவள் தட்டுத் தடுமாறி அடித்த மெதுவான வேகமே அவருக்குப் பாடமாகிவிட்டது.

மேடையில் இருந்து மாவிஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க தயாராகுங்க வெர்னா. நான் மெதுவாவே பேசறேன். நான் சொல்ல வந்ததே ரெய்னோகிட்டத்தான்" என்றாள்.

ஒரு வாக்கியம் பேசுவாள், நிறுத்துவாள். திரை அணைந்து, எங்கும் எழுத்து விழாத கீபோர்டின் மேல் வெர்னாவின் விரல் மெதுவாக ஓடும். ரெய்னோ தலை குனிந்து விரலைப் பார்ப்பார். முடிந்ததும் நிமிர்ந்து, மாவிஸைப் பார்த்து, ம் என்பார். அது தலையாட்டல் இல்லை.

"ஆல்டன் வீட்டுக்கு வந்தா ஆத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டார்" என்றாள் மாவிஸ். "முகத்துவாரத்துல அலை தூக்கிப் போட்டுச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. பயமா இல்லையான்னு கேட்பேன். 'கீழே ரெய்னோ இருக்கார், எனக்கென்ன பயம்'னு சொல்வார். எப்பக் கேட்டாலும் அதே பதில்தான். இதை அவர்கிட்ட நேர்ல சொல்லியிருக்கீங்களான்னு கேட்டா, வெக்கப்படுவார். கடைசியா ஆஸ்பத்திரில, 'நீயாவது அவர் காதுல போடு'ன்னார். அவர் காது போயிடுச்சேன்னேன். 'வெர்னா இருக்காளே'ன்னார்."

வெர்னா அடித்தாள். கண்ணை நீர் மறைத்தது. நல்லவேளை, விசையைப் பார்த்து அடிக்கிறவள் இல்லை அவள். தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் கை தயங்கியது. அதையும் அடித்தாள், சத்தியம் சத்தியம்தான்.

ரெய்னோ நிமிரவில்லை. விரல்கள் நின்ற பிறகும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன் அப்படியா சொன்னார்?" என்றார் கடைசியில்.

ஆமாம் என்று அடித்தாள். அழுகையில் தோள் தளர்ந்து, கை கனத்து, மணிக்கட்டு மெல்ல இறங்கி மேசை விளிம்பில் படிந்தது. ரெய்னோவின் கண்ணும் வழிந்துகொண்டிருந்தது, அவர் அதைத் துடைக்கவில்லை. கையை நீட்டி, இரண்டு விரலை அவள் மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்.

"மணிக்கட்டு" என்றார், ஹாலுக்கே கேட்கும்படி.